கா. விருமாண்டியும் இஷ்ரத்தின் பட்டியலும்

2009இல் நான் மதுரையில் கோர்ட்டுக்கு எதிர்ச் சாரியில் இருந்த ஒரு டைப்பிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். உசிலம்பட்டியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினால் சாயங்காலம் வரை மனுக்கள்தான். கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் நான், இன்னொன்றில் இஷ்ரத். நெல்பேட்டைக்காரி. என் வயதுதான். முதலாளி சேக் இஸ்மாயில் அண்ணன் வாசல் பக்கம் மேஜை போட்டு உட்கார்ந்து வக்கீல் குமாஸ்தாக்களிடம் காகிதம் வாங்கிக் கொடுப்பார்.

வந்த முதல் வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். இஷ்ரத்தின் கீபோர்டு சத்தம் என்னுடையதில் பாதிதான் கேட்கும். ஆனால் அவள் பிரிண்டரில்தான் முதலில் காகிதம் விழும். எட்டிப் பார்த்தேன். ‘மமா’ என்று அடித்து ஸ்பேஸ் தட்டினாள். திரையில் ‘மதுரை மாவட்டம்’ என்று விரிந்தது. ‘தாபி’ என்று அடித்தாள், ‘தாழ்மையுடன் பிரார்த்திக்கிறேன்’ என்று ஒரு முழு வரி வந்து நின்றது.

“என்ன புள்ள இது, மந்திரமா?”

“மந்திரமும் இல்ல, ஒண்ணுமில்ல. வேர்டுலயே இருக்கு. தப்பா அடிச்சாத் திருத்துறதுக்கு வச்சிருக்கான். நான் அத நம்ம வேலைக்கு இழுத்துக்கிட்டேன். ஒரே வரிய எம்புட்டு தடவ அடிக்கிறது? வெரலுக்கு ரோசம் இருக்காதா?”

அந்தப் பட்டியலை ஒரு நோட்டிலும் எழுதி வைத்திருந்தாள். முந்நூற்றுச் சொச்சம் குறிகள். மிச்சமாகும் நேரத்தில் அவள் சும்மா இருக்கவில்லை. தபால் வழியில் கம்ப்யூட்டர் டிகிரி படித்துக்கொண்டிருந்தாள். பாடப் புத்தகம் மேஜை டிராயரில் திறந்தபடி கிடக்கும். அண்ணன் தலை திரும்பினால் டிராயர் மூடிக்கொள்ளும். ஒரு மாதம் கழித்து என் கம்ப்யூட்டரிலும் பட்டியலை ஏற்றிக் கொடுத்தாள். அதன் பிறகு மத்தியானச் சோற்றை நிதானமாகச் சாப்பிட்டோம். தொட்டுக்கொள்ள அவள் கொண்டுவரும் வெஞ்சனத்தில் எனக்கு ஒரு பங்கு. என் அம்மாவின் கருவாட்டுக் குழம்பில் அவளுக்கு ஒரு பங்கு.

வாரம் ஒருமுறை பட்டியலில் புதுக் குறிகள் சேரும். வாரிசுச் சான்று மனுக்கள் நிறைய வந்த நேரம் அது. ‘காலஞ்சென்ற’ என்ற சொல்லை நாளெல்லாம் அடிக்க வேண்டியிருந்ததால் அதற்கு இரண்டு கம்ப்யூட்டரிலும் ‘கா’ என்று குறி வைத்தாள் இஷ்ரத். அன்று மத்தியானமே பட்டாவில் பெயர் திருத்தக் கோரும் மனு ஒன்றை நான் அடித்தேன். கண் கைப்பிரதியில்தான் இருந்தது, திரையைப் பார்க்கவில்லை. பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, உயரமான ஒரு பெரியவர் மனைவியோடு கடைக்குள் வந்தார். கையில் அந்த மனு.

“ஏத்தா, என்னையச் செத்தவன்னு அடிச்சது யாரு?”

மனுதாரர் கா. விருமாண்டி. பெயர் வந்த மூன்று இடத்திலும் ‘காலஞ்சென்ற. விருமாண்டி’ என்று இருந்தது. அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். செத்தவர் பேரில் கையெழுத்துப் போட்டது யார் என்று விசாரிக்க வி.ஏ.ஓ. ஆபீஸ் தலையாரி வீட்டுக்கே வந்துவிட்டாராம்.

“நான் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கிட்டு நிக்கிறேன். விருமாண்டி செத்து எம்புட்டு நாளாச்சுன்னு எங்கிட்டயே கேக்குறான்!”

அண்ணன் மனுவை வாங்கிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. “யாரும்மா அடிச்சது?”

இஷ்ரத் காகிதத்தை வாங்கி ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். சொல்லுக்குப் பின்னால் அந்தப் புள்ளி அப்படியே நின்றிருந்தது. அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. புள்ளி வைத்ததும் ‘கா’ என்ற இனிஷியலையே குறி என்று எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் விரித்திருக்கிறது. எழுந்து நின்றாள்.

“தப்பு என்னோடதுண்ணே. பட்டியல் நான் போட்டது. வாணி சரியாத்தான் அடிச்சா.”

“என்ன பட்டியல்?”

எல்லாவற்றையும் சொன்னாள். டிராயர் புத்தகத்தைக்கூடச் சொல்லிவிட்டாள். அண்ணன், “இப்பவே எல்லாத்தையும் அழி” என்றார். அவர் பார்க்கவே ஒவ்வொன்றாக அழித்தாள். அவள் விரல்கள் அவ்வளவு மெதுவாக நகர்ந்து நான் பார்த்ததில்லை.

பிறகு பெரியவருக்குப் புது மனு அடித்தோம். நான் அடிக்க, அவள் எழுத்து எழுத்தாக வாசித்துக் காட்டினாள். பெஞ்சில் இருந்த அவர் மனைவி ஒச்சம்மாள் சிரித்துவிட்டார். “காயிதத்துல போய்ச் சேந்துட்டாரு. வீட்டுல நெதம் மூணு காப்பி கேக்குறாரு.” அண்ணனும் சிரித்தார். ஆனால் உத்தரவு மாறவில்லை.

இரண்டு வாரம் எல்லாவற்றையும் முழுதாக அடித்தோம். குமாஸ்தாக்கள் வாசலில் காத்து நின்றார்கள். இஷ்ரத் மத்தியானச் சோற்றைப் பாதியில் மூடிவிட்டு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டேயிருந்தாள். மூன்றாம் வாரம் திங்கட்கிழமை அண்ணன் மேஜையில் நோட்டை வைத்தாள்.

“இனிமே ஒவ்வொரு குறிக்கும் முன்னாடி ஒரு சாய்கோடு வருதுண்ணே. எவர் பேருலயும் சாய்கோடு கெடையாது. பிரிண்டுக்கு முன்னாடி ஒரு பட்டனத் தட்டுனா ‘காலஞ்சென்ற’ங்கிற எடமெல்லாம் மஞ்சளாத் தெரியும். ஒரு தடவ பாத்துட்டு அனுப்பலாம்.”

அண்ணன் நோட்டை ரொம்ப நேரம் புரட்டினார். “செத்தவங்க மட்டும் மஞ்சளா?”

“சர்வே நம்பரும்ணே.”

“சரி, போடு. அந்தப் புத்தகத்த டிராயர்ல வைக்காத. மேல வச்சே படி.”

அவள் டிகிரி முடித்து 2013இல் சென்னைக்குப் போனாள். கடை பிறகு ஜெராக்ஸ் கடையாகி, இப்போது அந்த இடத்தில் பேக்கரி. நான் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரி ஆபீஸில் இருக்கிறேன். அங்கே எல்லாம் ஆன்லைன் படிவம். கட்டத்தை நிரப்பினால் போதும். வேலை சுலபம்தான். ஆனால் பக்கத்து சீட்டில் யாரும் எதையும் குடைந்துகொண்டிருப்பதில்லை.

போன மாதம் ஆனையூருக்குப் போனேன். இஷ்ரத் குடும்பத்தோடு திரும்பி வந்து அங்கே வீடு கட்டியிருக்கிறாள். வீட்டிலிருந்தே ஒரு சாப்ட்வேர் கம்பெனிக்கு வேலை செய்கிறாள். மணிக்கட்டில் வலி என்பதால் கம்ப்யூட்டரிடம் பேசித்தான் எழுத வைக்கிறாள்.

“நம்ம பேச்சு இதுக்குப் புரிய மாட்டேங்குது வாணி. ‘வாரேன்’னா ‘வாரம்’னு எழுதுது. நானும் விடல, ஒண்ணொண்ணாச் சொல்லிக் குடுத்துக்கிட்டிருக்கேன்.”

அவள் கணவர் முபீன் டீ கொண்டுவந்து வைத்தார். பழைய குமாஸ்தாக்கள், பஸ், கருவாட்டுக் குழம்பு என்று பேச்சு எங்கெங்கோ போனது. கிளம்பும்போதுதான் பார்த்தோம். மைக் அணைக்காமலே இருந்திருக்கிறது. எங்கள் பேச்சு முழுவதும் திரையில் நிரம்பியிருந்தது, பாதிக்குப் பாதி தப்பும் தவறுமாக.

அழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ ஒரு தப்பையும் திருத்தாமல் தேதியைப் போட்டுச் சேமித்துவிட்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா” என்று செருப்பை மாட்டினாள்.