வெள்ளிக்கிழமை மீன்கள்

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, அறுபத்திரண்டாம் வயதில் முதுதத்துவமாணி (எம்.பில்.) ஆய்வுப் பட்டத்துக்குப் பதிந்துகொண்டேன். கல்முனைக்குடிக் கரையில் கரைவலைகளில் அகப்படும் குஞ்சுமீன்களின் நீளத்தை ஓராண்டு முழுவதும் அளந்து எழுதுவதே என் ஆய்வு. நான்கு நாட்களுக்கு ஒருமுறை, விடியற்காலை ஸுபஹுத் தொழுகை முடிந்ததும், அளவுகோலும் குறிப்பேடுமாகக் கடற்கரைக்குப் போய்விடுவேன். என்னிலும் பத்து வயது இளையவரான வலை முதலாளி ஒருவர் ஒவ்வொரு முறையும் ஒரு கூடை மீனை எனக்கென்று ஒதுக்கி வைப்பார்.

"சேர், உங்கட புள்ளைகள் வந்திருக்கு. போன தரத்தை விட வளந்திருக்கா எண்டு பாருங்க" என்று அவர் சொல்ல, வலை இழுப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே அளப்பேன்.

நான்கு நாட்களுக்கு ஒருமுறை என்று வகுத்த ஒழுங்கில், மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமையும் வந்து விழுந்தது. ஜும்ஆத் தொழுகை நாளான வெள்ளியன்று எங்கள் கரையில் எவரும் வலை வளைப்பதில்லை. தோணிகள் மணலிலேயே கிடக்கும். அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டு, காரணத்தைக் கீழே எழுதியிருக்கலாம். ஆனால், அட்டவணையை வரைந்தபோது அவ்வெறுமை என் சோம்பலைக் காட்டிக்கொடுப்பதுபோலத் தோன்றியது. முன்னைய அளவுக்கும் பின்னைய அளவுக்கும் இடையில் ஒரு தொகையை ஊகித்து நிரப்பினேன். இல்லாத மீன்களுக்கு மில்லிமீற்றர் வரை நீளம் கொடுத்தேன். மேற்பார்வையாளரிடம் மூச்சு விடவில்லை.

பல்கலைக்கழகத்து ஆய்வு மாநாட்டில், மீன்பிடிப்பவர்களுக்கும் விளங்கவேண்டும் என்று ஓர் அமர்வைத் தமிழில் வைத்தார்கள். நான் வலை முதலாளியையும் அழைத்துப் போனேன். அவர் தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகக் கடைசி வரிசையில் அமர்ந்தார்.

காப்பியம் பாடிய புலவர்கள் அவையடக்கம் சொல்லியே நூலைத் தொடங்குவர். இளவயது முதல் அப்பாடல்களை ஓதி வந்தவன் என்பதால், நானும் சொந்தமாக ஒரு விருத்தம் கட்டி, 'அடியேன் பிழை பொறுப்பீர்' என்று பாடித்தான் உரையைத் தொடங்கினேன். அவை கைதட்டியது. எந்தப் பிழையைப் பொறுக்கச் சொன்னேன் என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்தாள். கல்முனைத் தமிழ்ப் பகுதியைச் சேர்ந்தவள், தகப்பனார் மீன்பிடிப்பவர்.

"சேர், உங்கட அட்டவணையில திகதி மட்டும்தான் இருக்கு. ரெண்டு மூண்டை நான் கலண்டரில பாத்தன். வெள்ளிக்கிழமை வருது. உங்கட கரையில வெள்ளிக்கிழமை வலை இழுக்கிறல்லயே? எங்கட அப்பா சொல்லுவார்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் என் ஆய்வு மட்டும் இழுக்குப் பட்டிருக்கும். என் நாவோ வேறொன்றைச் சொல்லிற்று.

"சில முதலாளிமார் இப்போது வெள்ளிக்கிழமையும் இழுக்கிறார்கள், மகள்."

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, "சரி சேர்" என்று அமர்ந்துவிட்டாள். கடைசி வரிசையை நோக்க எனக்குத் துணிவு வரவில்லை.

தேநீர் இடைவேளையில் வலை முதலாளி கோப்பையோடு என்னிடம் வந்தார்.

"எந்த முதலாளி சேர்?"

நான் என் தேநீரில் சீனியைக் கலக்கத் தொடங்கினேன்.

"எங்கட கரையில மொத்தம் ஆறு வலை. ஆறு பேரையும் எனக்குத் தெரியும். ஆரெண்டு செல்லுங்க, பள்ளிவாசல்ல கூப்பிட்டு விசாரிப்பம். இல்லாட்டி எனக்குத் தெரியாம என்ட வலையே எழும்பிப் போய் மீன் புடிச்சிருக்கோ?"

"ஒருவரும் இல்ல தம்பி. நான்தான் கணக்கை நிரப்பின."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "மீனைப் பத்திப் பொய் எழுதினத்துக்கு மீன் வந்து கேக்கப் போறல்ல சேர். எங்களப் பத்தி ஏன் செல்லின? வந்திருக்கிற சனமெல்லாம் இத நம்பிக்கிட்டுப் போகப்போகுது." மணிக்கூட்டைப் பார்த்து, "லுஹருக்கு நேரமாச்சு, வாங்க" என்றார்.

தோளோடு தோள் சேர்ந்து தொழுதோம். என்ன ஓதினேன் என்று எனக்கு நினைவில்லை.

மதிய உணவின் பின் தலைவரிடம் ஒரு நிமிடம் வாங்கிக்கொண்டு மேடையேறினேன். பாவியேன், பிழையேன் என்று எத்தனையோ ஆண்டுகளாக இராகத்தோடு பாடியிருக்கிறேன். ஒருநாளாவது எந்தப் பாவம் என்று வாய்திறந்து சொன்னதில்லை. அன்று இராகமின்றிச் சொன்னேன். வெள்ளிக்கிழமை அளவுகள் யாவும் என் கற்பனை. எங்கள் கரையில் எந்த முதலாளியும் அன்று வலை இழுப்பதில்லை. கட்டுரையை மீளப் பெற்றுக்கொள்கிறேன். மண்டபத்தில் பாதிப்பேர் இருக்கவில்லை. அந்த மாணவியும் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தாள்.

மறுநாள் அவளுடைய தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பெற்று அழைத்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டிருந்தாள்.

"எனக்கு அப்பவே விளங்கினது சேர். அடுத்த கேள்வியும் எழுதி வெச்சிருந்தன். உங்கட முகத்தப் பாத்ததும் கேக்க மனம் வரல்ல. அப்பாட வயசு உங்களுக்கு."

"அப்பாவிடம் சொன்னீங்களா, மகள்?"

"ஓம். வெள்ளிக்கிழமையும் இழுக்கிறாங்களாம் எண்டன். அவர் நம்பல்ல. சேர் திகதியப் பிழையா எழுதிட்டார் போல எண்டார்."

அவளுடைய இரக்கமும், முகம் அறியாத அந்தத் தகப்பனார் என்மீது வைத்த நல்லெண்ணமும் முதலாளியின் கோபத்தைவிடக் கனத்தன. அவரிடமும் கதைக்கவேண்டும் என்றேன். கடலுக்குப் போயிருக்கிறார், பின்னேரம் வருவார் என்றாள். பின்னேரம் மீண்டும் அழைத்தேன்.