மூன்றாம் வளைவுப் பிள்ளையார்

ஒட்டுசுட்டானில் அறுவடை முடிந்த வயல்தான் இன்று பந்தயத் திடல். வரப்புகளை மேடாக்கிப் பெண்களுக்கான மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்துகிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து கடல் கடந்து வந்திருக்கும் ஒரே வெளிநாட்டுக்காரி நான். இயந்திரப் பொறியாளர் வேறு.

காலைப் பயிற்சியிலேயே வெற்றிக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். மூன்றாம் வளைவில், பாலை மரத்தடியில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். அவரைக் கடக்கும்போது உள்ளூர்ப் பெண்கள் எல்லோரும் வலது கையை எடுத்து நெஞ்சைத் தொடுகிறார்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து கை விலகி வேகம் குறைகிறது. அங்கேதான் முந்த வேண்டும். டயர் காற்று, செயின் இறுக்கம், பிள்ளையார் என்று மனத்தில் வரிசையாகக் குறித்துக்கொள்கிறேன்.

கடைசிச் சுற்றில் எனக்கு முன்னால் உள்ளூர்ப் பெண் தர்சினி மட்டும்தான். வளைவில் அவள் கை நெஞ்சுக்குப் போகிறது. நான் முறுக்க வேண்டிய நொடி இது. அடுத்த நொடி மண்ணில் கிடக்கிறேன்.

வென்றுவிட்டு ஓடிவந்து தர்சினி என்னைத் தூக்குகிறாள்.

“என்னக்கா நடந்தது?”

“பிள்ளையாரைக் கும்பிட்டேன்.”

“நாங்களும்தானே கும்பிடுறனாங்கள்,” என்கிறாள். “அதுக்கு, ஓடேக்க ஆரும் ரெண்டு கையையும் கூப்புவினமோ?”