ஓவன் விசிறி நின்ற சனிக்கிழமை

"ஓவன் பாதியில நின்னுப்போச்சி. நைனாதான் இன்னாவோ பண்ணிட்டாரு. சீக்கிரம் வா."

அக்கா அனுப்பிய இந்தச் செய்தியை என் கைப்பேசியிலிருந்து இன்னும் நான் அழிக்கவில்லை. போன டிசம்பர், இரண்டாவது சனிக்கிழமை, பகல் சாப்பாட்டு நேரம். எதையும் நாளோடு குறித்து வைப்பது என் பழக்கம். அன்று திருத்தணியில் காலையிலிருந்தே தூறல், மலைக்கோயில் கண்ணுக்குத் தெரியவில்லை என்றும் எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம். அக்கா வீட்டுக்காரர் எனக்கு பாவா. நைனா பள்ளிப்பட்டு பஸ் தடத்தில் கண்டக்டராக ஓடி ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு கே.ஜி.கண்டிகையில் அக்கா வீட்டோடு வந்துவிட்டார். நான் குடியிருப்பது திருத்தணியில், மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஒருமுறை மேலே ஏறி வந்தவரை இறக்குவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அதனால் "என்னோடு வந்துவிடு" என்று அவரிடம் சொல்லும் தகுதி எனக்கு இல்லாமல் போனது.

இரண்டு வருடமாக நைனாவுக்கு மறதி. தொடக்கத்தில் சிரிக்கும்படி இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடுவார். பிறகு சிரிக்க முடியாமல் போனது. பால் வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய்விடுவார். ஐப்பசி மாதம் ஒருநாள் கேஸைத் திருகிவிட்டுப் பற்றவைக்காமல் போய்ப் படுத்துவிட்டார். அக்காவின் இரண்டு பிள்ளைகளும் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு பாவா ஒன்று சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு தபா இப்படி ஆச்சின்னா, அரக்கோணம் பக்கம் ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கேன். அங்க விட்டுடலாம்." ஆட்டோ ஓட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, மாமனாருக்கு டயாபர் மாற்றவும் கூச்சப்படாத மனிதர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அக்கா வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். சென்னையில் யாரோ வீட்டைப் புதுப்பித்தபோது கழற்றிப் போட்ட ஓவனை வாங்கி வந்து, தச்சரை வைத்துச் சமையலறை அலமாரிக்குள் பொருத்தியிருந்தாள். கிறிஸ்துமஸ் நேரம் என்றால் எங்கள் சபையிலேயே பாதிப் பேர் அவளிடம்தான் கேக் சொல்வார்கள். அந்த ஓவன்தான் நின்றிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மேசை மேல் பாதி வெந்த கேக் நடுவில் குழிந்து கிடந்தது. நைனா முன்னறை நாற்காலியில் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவா வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மச்சான், கவர்மெண்டு ஆபீஸர் மாதிரி பையத் தூக்கினு வர. உங்க நைனா ஓவன் உள்ள கைய வுட்டாராம். டிக்கெட்டு குடுக்கவா போனாருன்னு கேளு."

"நீ பாத்தியா பாவா?"

"நான் இன்னாத்த பாக்கறது. காலையில ஓவன்கிட்ட நின்னுகினு இருந்தாரு. அது ஒண்ணே போதாதா?"

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவன். அந்த வகை ஓவனின் கையேட்டைக் கைப்பேசியில் தேடி எடுத்தேன். உள்ளே சூடு ஏறும்போது மேலே ஒளிந்திருக்கும் சிறிய விசிறி ஓடவேண்டும். அந்த விசிறி சமைப்பதற்கு இல்லை. பொத்தான்களும் ஒயர்களும் வெந்து போகாமல் காப்பதற்கு. அது ஓடினால் கதவுக்கு மேலே உள்ள இடுக்கு வழியாகக் காற்று வெளியே வரும்.

ஓவனைப் போட்டு, ஒரு துண்டுக் காகிதத்தை அந்த இடுக்குக்கு நேரே பிடித்தேன். காகிதம் அசையவில்லை. உள்ளே சூடு ஏற ஏற, திருகுகிற குமிழ் கை வைக்க முடியாதபடி கொதித்தது. கொஞ்ச நேரத்தில் ஓவன் தானே அணைந்துவிட்டது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிற்கிறது என்பது வரை புரிந்தது. விசிறி ஏன் ஓடவில்லை என்பதுதான் மிச்சம்.

மின்சாரத்தைத் துண்டித்து, ஆறவிட்டு, நானும் பாவாவும் ஓவனை அலமாரியிலிருந்து இழுத்துத் தரையில் வைத்தோம். மேல்தகட்டைக் கழற்றும்போது அக்கா என் பின்னால் வந்து நின்றாள். உள்ளே கரண்டியோ, சில்லறையோ, நைனாவின் மூக்குப்பொடி டப்பியோ இருக்கும் என்றுதான் மூன்று பேருமே எதிர்பார்த்தோம். போன மாதம் மிக்ஸிக்குள் அவருடைய பல் செட் கிடைத்திருந்தது.

ஒன்றுமே இல்லை. மைதா மாவுத் தூசி மட்டும். விசிறியை விரலால் சுற்றினேன். நகரவில்லை. மோட்டாரின் அச்சில் இருந்த கிரீஸ் காய்ந்து தார் மாதிரி இறுகிக் கிடந்தது. பக்கத்து ஒயரின் உறை பழுப்பேறி நொறுங்கியது. ஒருநாளில் நடக்கிற காரியமில்லை. மாதக்கணக்கில் வெந்திருக்கிறது.

கையேட்டின் இன்னொரு பக்கத்தில் காரணம் இருந்தது. ஓவனை அணைத்த பிறகும், சூடு தணியும்வரை அந்த விசிறி ஓடவேண்டும். அதுவாக நிற்கும்வரை சுவரிலுள்ள சுவிட்ச்சை அணைக்கக் கூடாது.

"கேக்க எடுத்ததும் சுவிட்ச்ச யாரு அணைக்கறது?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றாள் அக்கா. "மிக்ஸி, கிரைண்டர், டிவி எல்லாத்தையும் அப்டித்தானே அணைக்கறோம். எதையாவது ஓடவுட்டா அம்மா இன்னா திட்டு திட்டும்."

"நானும் அணைச்சிருக்கேன்" என்றார் பாவா. "கேக்கு எடுத்தப்புறமும் ஙொய்னு கத்திகினே இருக்கும். தலவலி."

நம் வீடுகளில் இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. வேலை முடிந்தால் கை தானாகச் சுவரிலுள்ள சுவிட்ச்சுக்குப் போகும். அந்தச் சிக்கனத்தால் ஒவ்வொரு முறையும் விசிறி நின்று, அலமாரிக்குள் அடைபட்ட சூடெல்லாம் மோட்டாரில் இறங்கியிருக்கிறது. இதில் நைனாவுக்குப் பங்கே இல்லை.

பாவா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைத் தரையில் வைத்தார். "தப்பாப் பேசிட்டேன். நானே போயி சொல்லிடறேன்" என்று எழுந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

முன்னறையில் நாற்காலி காலியாக இருந்தது. நைனா கட்டிலில் உட்கார்ந்து, தன் பழைய காக்கிப் பைக்குள் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஓவன் உங்களால போகலை. எங்களாலதான். நீங்க தொடவே இல்ல."

நைனா நிமிரவில்லை. "இல்லப்பா. நான்தான் பண்ணேன்."

"நைனா, நான் பிரிச்சிப் பாத்துட்டேன்" என்றேன். "உள்ள விசிறி இறுகிப்போச்சி. நீ ஒண்ணும் பண்ணல."

"ஆங். பண்ணிட்டு மறந்திருப்பேன்."

"மறக்கறதுக்கு நீ செஞ்சாதானே?"

"அன்னைக்கு கேஸு? அதையும் செய்யலன்னுதான் சொன்னேன்." வேட்டி ஒன்றை நான்காக மடித்தார். "ஸ்டாப்பிங் வந்தா எறங்கணும். பசங்க ஏறணும் இல்ல? பாத்து வச்சிருக்கேன்னு சொன்னியே, அந்த எடம். திங்கக்கெழம கூட்டினு போ."

அக்கா அழுதாள். அவர் கையிலிருந்து சட்டையைப் பிடுங்கினாள். "எங்கயும் போவ வேணாம் நைனா" என்று அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். பாவாவும் சொன்னார். நானும் சொன்னேன். ஆனால் எங்கள் மூன்று பேரில் ஒருவர்கூட அந்தப் பையை எடுத்து உள்ளே வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அது கட்டில் மேலேயே இருந்தது.

திங்கட்கிழமை பாவாவின் ஆட்டோவிலேயே போனோம். நைனா பாவாவுக்குப் பக்கத்தில், முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்துகொண்டார். வழியில் பஸ் நிறுத்தம் வரும்போதெல்லாம் ஊர்ப் பெயரை மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை.

புது மோட்டாரை அந்த வாரமே நான் சென்னையில் வாங்கி, மின்சார ரயிலில் கொண்டு வந்து மாட்டினேன். விசிறி ஓடியது. சுவிட்ச்சுக்கு மேல் 'அணைக்காதே' என்று அக்கா எழுதி ஒட்டினாள். அந்த வருடம் கேக் ஆர்டர்களில் பாதியைத்தான் அவளால் செய்ய முடிந்தது. மீதிக்கு மனசு வரவில்லை என்றாள்.

நைனா இப்போதும் அங்கேதான் இருக்கிறார். நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். மாசி மாதத்தில் ஒருநாள், அவர் தெளிவாக இருந்த நேரம் பார்த்து, ஓவன் விஷயத்தை நேராகவே கேட்டேன். "நீ செஞ்சதா நெசமாவே நெனச்சியா நைனா? இல்ல, எங்களுக்காக சொன்னியா?" அவர் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "மழ வருது, கெளம்பு" என்றார். வெளியே நல்ல வெயில்.

அந்த ஓவனில் எது பழுதானது, எதனால் பழுதானது என்பதை என்னால் ஆதாரத்தோடு எழுத முடிகிறது. தன் மறதியை நம்பி நைனா அந்தப் பழியை ஏற்றாரா, எல்லாம் தெரிந்தே எங்கள் பாரத்தை இறக்கிவிட்டாரா என்பதை மட்டும் இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்தப் பையை நாங்கள் உள்ளே எடுத்து வைத்திருக்கலாம் என்ற எண்ணம் மாறுவதில்லை.