தாண்டிப் படித்த பக்கங்கள்

பஸ்ஸிலிருந்து இறங்கி வரிசையில் நின்றவர்கள்: எங்கள் ஊர் பாரூக் நானா, கையில் முட்டைப் பெட்டியோடு. டீச்சரம்மா ஒருவர், குடையோடு. ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரியவர் ஒருவர், எக்ஸ்ரே உறையோடு. கடைசியில் நான், புத்தகத்தோடு.

போன சனிக்கிழமை காலை. உக்குவளைக்கும் மாத்தளைக்கும் நடுவில் உள்ள சோதனைச் சாவடி.

முட்டையைப் பார்த்தார்கள். குடையை விரித்துப் பார்த்தார்கள். எக்ஸ்ரேயை வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். என் புத்தகம் வந்ததும் சார்ஜன்ட் நின்றுவிட்டார். தமிழ்ப் புத்தகம். அழுக்காகக் கூடாதென்று காக்கித்தாளில் அட்டை போட்டிருந்தேன். அதுதான் சந்தேகம்.

"மேக்கே மொனவத தியென்னே?" என்றார். இதில் என்ன இருக்கிறது என்று கேள்வி.

எனக்குச் சிங்களம் பேச வரும். "கதை சேர். ஒரு ஆள் ஆத்தங்கரையில படகுக்குக் காத்திருக்கார். படகு வரல்ல."

"ஏன் வரல்ல?"

நான் அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தேன்.

"முழுசா படிச்சியா?"

"படிச்சேன் சேர்."

"அப்ப ஏன் வரல்ல?"

தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை...

வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். மாதம் இரண்டு புத்தகம் படிப்பதுதான் என் இலக்கு என்று இந்தப் பத்திரிகையில், இதே பத்தியில் எழுதினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் இப்படிப் படிக்கிறானே என்று சிலர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். எப்படிப் படித்தேன் என்று மட்டும் எழுதவில்லை. ஆட்கள் பேசும் இடத்தை வாசிப்பேன். யோசிக்கும் இடம் வந்தால் தாண்டிவிடுவேன். கடைசிப் பக்கம் வந்தால் கலண்டரில் ஒரு கோடு.

படித்தேன் என்கிறான், முடிவு தெரியாது என்கிறான்... சார்ஜன்ட் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்படுவேன்.

பாரூக் நானா முன்னால் வந்தார். "சேர், இவர் அலுவிகாரை கராம்பு ஸ்டோர்ல வேலை. எனக்குத் தெரிஞ்ச ஆள். மண்டையில ஒன்னும் நிக்காது, அவ்வளவுதான்."

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டு, என் அடையாள அட்டையைத் தன் சட்டைப் பையில் போட்டார். "திங்கக்கிழமை வந்து சொல்லு. சரியாச் சொன்னா அட்டை. இல்லாட்டி கேம்புக்குப் போய்ப் பேசலாம்."

அட்டை இல்லாமல் இந்த ரோட்டில் எங்கே போவது? நடந்தே தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பினேன்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். "மாசம் ரெண்டு பொஸ்தகம் படிக்கிற மனுசன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சேனே. இப்ப ஒன்னையாவது படிங்க" என்றாள். சொல்லிக்கொண்டே தேத்தண்ணி கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. மிளகுக் கொடி ஏறிய முள்முருங்கை மரத்தடியில் உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலிருந்து.

ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர்தான். வேறொன்றும் நடக்கவில்லை. அடுத்த பக்கத்தில் அந்த ஆள் தன் வீட்டு விளக்கை நினைக்கிறார். அதற்கடுத்ததில் தண்ணீரின் வாசம். மெதுவாகப் போனேன். லயத்துச் சத்தம் தூரமாகிவிட்டது. மலையிலிருந்து மூட்டம் இறங்கி வந்தது. என் காலடியில் ஆறு ஓடுகிற மாதிரி இருந்தது. காலைக்கூட ஒருமுறை தூக்கி வைத்துக்கொண்டேன். படகு வருகிறதா என்று நானும் பார்த்தேன்...

நான் தாண்டியிருந்த ஒரு பக்கத்தில், நடுவில், இரண்டே வரியில் பதில் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

திங்கள் காலை நடந்து போனேன். சார்ஜன்ட் என் பெயரைக் கேட்கவில்லை.

"படகு வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு சேர். அந்த நேரம் பாத்து அவர் தூங்கிட்டார். படகு கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிருச்சு. அது தெரியாம விடியிற வரைக்கும் காத்திருக்கார்."

"யாரும் எழுப்பல்லயா?"

"கரையில ஆள் இல்ல சேர்."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ராத்திரி முழுக்கக் காவல் நின்றதில் அவருக்கும் கண் சிவந்துதான் இருந்தது. பஸ் ஒன்று வந்து ஹோர்ன் அடித்தது. அட்டையை எடுத்துக் கையில் தந்தார். அது அவர் உடம்புச் சூட்டில் இருந்தது.

கேட்கத் தெரிந்த ஓர் ஆள் எதிரில் நின்றால்தான் நாம் ஒழுங்காகப் படிப்போமோ?

இப்போது வீட்டில் மனைவி கேட்கிறாள். படித்த பக்கத்தை அடுப்படியில் அவளுக்குச் சொல்ல வேண்டும். "அப்ப அவரு வீட்டுல யாருமே தேடலயாங்க?" என்பாள். பதில் தெரியாவிட்டால் அந்தப் பக்கம் படித்ததாக ஆகாது. திரும்பவும் படிக்க வேண்டும்.

என்னைப் பார்த்து மாதம் இரண்டு என்று இலக்கு வைத்தவர்கள் மன்னிக்கவும். புத்தகத்தை எண்ணுவதை விட்டேன். சொல்ல முடிந்த பக்கத்தை மட்டும் எண்ணுகிறேன்.

இந்த வாரம், நான்கு.