பல்லுக்கு ஒரு குடை

குடை ரிப்பேர் செய்கிறவனிடம் சாரல் காலத்தில் யாரும் வாய் கொடுக்கக் கூடாது. தென்காசியில் என் கடைக்கு வந்தவர்களுக்கு அது தெரியும். குடை, தராசு, தையல் மிஷின், டாக்டர்கள் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, எதைக் கொண்டுவந்தாலும் சரிசெய்து கொடுப்பேன். கூடவே நாலு வசவும் கிடைக்கும். ஊரில் எல்லாரும் பொருள்களைக் கெடுக்கப் பிறந்தவர்கள், நான் ஒருத்தன்தான் சரிசெய்யப் பிறந்தவன் என்று எனக்கு நினைப்பு. அந்த நினைப்புதான் என் வீட்டைக் கெடுத்தது.

என் மனைவிக்கு முன்பல் இரண்டு கிடையாது. மழையில் வழுக்கி விழுந்து உடைந்தவை. அந்த இடத்தில் பொய்ப்பல் வைத்திருந்தாள், இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கியோடு. கொக்கி தளர்ந்து, பேசும்போது ஆட ஆரம்பித்தது.

“ஊரான் குடையெல்லாம் ஒக்கிட்டுக் கொடுக்கீங்க, எம் பல்லை ஒக்கிட ஆளில்லை. நான் பல் டாக்டர்ட்ட போறேன்” என்றாள்.

“அவன் என்னத்தைக் கிழிக்கப் போறான், இங்க கொண்டா” என்று நானே இடுக்கியால் கொக்கியை நெருக்கிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஐந்தருவிக்குப் போனோம். எண்பதுகளின் தொடக்கம். அந்த வருஷம் தண்ணீர் நன்றாக விழுந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து அவள் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

“பல்லு உள்ள போயிட்டுங்க. நெஞ்சுல நிக்குது.”

தொண்டையில் மீன்முள் சிக்கினால் எங்கள் வீடுகளில் ஒரே வைத்தியம்தான். கட்டிக்கொண்டு போயிருந்த தயிர்ச்சோற்றை உருட்டினேன். “மெல்லாத, அப்படியே முழுங்கு” என்றேன். மூன்று உருண்டை கொடுத்தேன். மூன்றாவதில் கண்ணில் நீர் தளும்ப, “இறங்கிட்டு” என்று ஓட்டைப்பல்லோடு சிரித்தாள். பார்த்தியா என்று நானும் சிரித்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்குச் சிரித்தபோதும் மட்டுதான்.

சாயங்காலம் நெஞ்சு வலி என்றாள். எங்கள் ஊரில் வெளிநாட்டில் படித்து வந்த ஒரு டாக்டர் இருந்தார். வளைந்து வளைந்து வயிற்றுக்குள் போகிற, நுனியில் விளக்கு வைத்த குழாய் அவரிடம் இருந்தது. அவருடைய கருவிகளைப் பழுது பார்ப்பவன் என்பதால் என்னையும் அதில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார். மங்கலான சிவப்புக்குள் அவள் பல் கிடந்தது. பக்கத்தில் நான் உருட்டிய சோறு.

“குழாய்க்குள்ள சின்ன இடுக்கி விட்டுப் பிடிச்சிரலாம் அண்ணாச்சி. ஆனா வெளிய இழுக்கும்போது கொக்கி உணவுக்குழலைக் கிழிச்சிரும். அறுத்து எடுக்கலாம்னா, ஏற்கெனவே பலவீனமான இவங்க இதயம் மயக்க மருந்தைத் தாங்காது. பல்லை மூடிக் கொண்டார மாதிரி நுனியில ஏதாவது இருந்தா நல்லாருக்கும்” என்றார்.

“நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள செஞ்சு தாரேன்” என்றேன்.

மறுநாள் காலையில் அவருடைய ரப்பர் கையுறை ஒன்றை வெட்டிப் பாவாடை மாதிரி சுருக்கி, அவர் தந்த பழைய குழாயின் நுனியில் பட்டுநூலால் கட்டினேன். கசாப்புக் கடையில் ஆட்டின் உணவுக்குழல் வாங்கி, கம்பித் துண்டை இழுத்துப் பார்த்தேன். பாவாடை கசங்கிக்கொண்டதே தவிர, கம்பியை மூடவில்லை. குழலெல்லாம் கீறல். எரிச்சலோடு வாசலுக்கு வந்தேன். சாரல் காற்றில் ஒரு அம்மாளின் குடை சடக்கென்று முன்னால் புரண்டது. அப்படிப் புரண்ட குடைகளைத்தானே ஆயுசெல்லாம் திட்டிக்கொண்டே நிமிர்த்தியிருக்கிறேன்! புரளத்தான் வேண்டும். உள்ளே போகும்போது பின்னால் மடங்கிக் கிடக்க வேண்டும். திரும்பும்போது வயிற்றின் வாய் இறுக்கமாக உரசி அதை முன்னால் புரட்டிவிட வேண்டும். குடைத்துணி போலக் கூறு கூறாக வெட்டி ஒட்டினேன். நாலு மணிக்குக் கம்பி ஒரு கீறலும் போடாமல் வெளியே வந்தது.

ஓடினேன். டாக்டரிடம் படுத்திருந்த அவளுக்கு உடம்பு கொதித்தது.

டாக்டர் அதை விரலில் மாட்டிப் புரட்டிப் பார்த்தார். “அருமையாச் செஞ்சிருக்கீங்க. ஆனா இது பல்லு ஏறும்போது கிழிக்காம இருக்கத்தான். இறங்கும்போதே கிழிச்சிருக்கு அண்ணாச்சி, நேத்து கண்ணுக்குத் தெரியல, இந்தக் காய்ச்சல்தான் காட்டிக் கொடுக்குது. சோத்தை வச்சுத் தள்ளியிருக்கீங்க. இனி என்ன ஆனாலும் அறுத்துத்தான் ஆகணும்.”

அவருடைய காரிலேயே திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். ஆலங்குளம் தாண்டும்போது அவள் கண்ணைத் திறந்தாள். “என்னமோ செஞ்சீங்களாமே, காட்டுங்க” என்றாள். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

“குடை மாதிரில்லா இருக்கு. எனக்கு மட்டும் எப்பவும் லேட்டாத்தான் ஒக்கிட்டுத் தருவீங்க” என்றாள்.

மூன்றாம் நாள் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்த பல்லைக் காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் கடைக்கு வந்தார். ஒரு தையற்காரர் வாயில் வைத்திருந்த ஊக்கு திறந்தபடியே உள்ளே போய்விட்டதாம். அந்தக் குடை வேண்டும் என்றார். “எம் பொண்டாட்டிக்கு ஒதவாதது எவனுக்கும் ஒதவ வேண்டாம்” என்று கத்தினேன். அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். காரில் தையற்காரரின் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஊக்கு வந்துவிட்டது. கும்பிட வந்த அந்தப் பெண்ணையும் திட்டி அனுப்பினேன். அவள் தெருவைத் தாண்டிய பிறகு அழுதேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அதற்குப் பிறகு அந்தக் குடைகளைச் செய்துகொண்டே இருந்தேன். ரப்பர் இறுகினால் வேறு ரப்பர், முடிச்சு நழுவினால் வேறு முடிச்சு.

“எதை வச்சு அண்ணாச்சி சோதிச்சுப் பாக்கீங்க?” என்று டாக்டர் ஒருமுறை கேட்டார்.

“வீட்ல கெடந்த ஒரு கம்பி” என்றேன்.

அவள் பல்தான். ஒவ்வொரு குடையையும் கொடுத்தனுப்பும் முன் ஆட்டுக்குழலுக்குள் அந்தப் பல்லைக் கவ்வி இழுப்பேன். பிறகு குழலைப் பிளந்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துத் தேடுவேன். ஒரு கீறல்கூட இருக்காது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.