வீடுமாத்தி வீட்டு மரப் பீரோ

என் அக்கா புருஷனை ஊரில் ‘வீடுமாத்தி’ என்று சொன்னால்தான் தெரியும். குடும்பங்களைச் சாமான் செட்டோடு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். கைவண்டியில் ஆரம்பித்தார், அப்புறம் மூன்று சக்கர வண்டி, இப்போது ஒரு சின்ன லாரி. எனக்கு அவர் அத்தான். மச்சினி என்கிற உரிமையில் நான் அவரைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. நல்ல மனிதர். பிடிவாதத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் எங்கள் ஊர் ரயில்வே கேட்டோடு முடிந்துவிடும். கேட்டுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் செங்கல் சூளையும் முள்ளுக்காடும். வீடு மாற்றுவது என்றால் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போவதுதான். ஒரு தகரப் பெட்டி, நாலைந்து பாத்திரம், பாய், தலையணை, ஒரு கட்டில். ஒரே நடையில் குடித்தனம் முழுவதும் வந்து சேர்ந்துவிடும். கேட்டுக்கு அந்தப் பக்கம் நாலு வீடு முளைத்த பிறகுதான் வண்டி கேட்டைத் தாண்ட ஆரம்பித்தது. கேட் போட்டுவிட்டால் கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போகிறவரை நிற்க வேண்டும். வண்டியில் ஏற்றிய நாற்காலியில் வீட்டுக்காரரே ஏறி உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் சைக்கிளோடு நிற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? யார் வீட்டுக் குடம் ஓட்டை, யார் வீட்டு மெத்தை கிழிசல், எல்லாம் அங்கே வெட்ட வெளிச்சமாகிவிடும். அதற்காகவே அத்தான் பெரிய தார்ப்பாய் ஒன்று வாங்கினார். ஏழை வீட்டுச் சாமானை அதனால் மூடித்தான் கொண்டுபோவார். அந்தக் குணத்துக்காக அவருடைய மற்ற குணங்களை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

பிறகு மேம்பாலம் வந்தது. அவ்வளவுதான், ஊர் மடை திறந்தது மாதிரி அந்தப் பக்கம் ஓடியது. சூளை இருந்த இடத்தில் ஆஸ்பத்திரி, அதற்குப் பின்னால் மாடி மாடியாக வீடுகள், பெரிய கடைகள், மழலையர் பள்ளி. அத்தான் வண்டியில் ஃப்ரிட்ஜ் ஏறியது, வாஷிங் மெஷின் ஏறியது, சோபா ஏறியது. ஒரே நடையில் முடிந்த குடித்தனம் மூன்று நடையானது. நான் பழசை நினைத்துப் பெருமூச்சு விடுகிற ரகம் இல்லை. பழைய தெருவில் விடிவதற்குள் எழுந்து, குழாயடியில் குடத்தோடு தவம் கிடந்தவள் நான். மேம்பாலம் கட்டியவர்கள் நன்றாக இருக்கட்டும். நானும் அந்தப் பக்கம் போய் ஒரு கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியேறினேன். என்னைக் கொண்டுபோய் இறக்கியதும் அத்தான்தான்.

ஊரையே மாற்றிய மனிதர் தன் வீட்டை மட்டும் மாற்றவில்லை. அதே பழைய தெரு, அதே மாடி வீடு. கீழ்ப்பகுதி அவருடைய அண்ணன் பங்கு. அவர் எப்போதோ விற்றுவிட்டார், இப்போது அங்கே மோட்டார் ரிப்பேர் கடை. தெருவில் மிச்சம் இருந்த வீடுகளும் ஒவ்வொன்றாகக் கடையாகவும் கோடவுனாகவும் ஆகிவிட்டன. சாலையை அகலப்படுத்தியபோது வீட்டின் முன்புறம் போனது, அதோடு பால்கனியும் பழைய மாடிப்படியும் போயின. பக்கச் சுவரை ஒட்டி அத்தான் புதுப் படிக்கட்டு கட்டினார். செங்குத்தான படி, நடுவில் ஒரு திருப்பம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும்.

அந்தப் படிதான் அக்காவுக்கு எமனாக வந்தது. அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. இறங்குவதென்றால் அத்தான் முன்னால் நின்று தாங்க வேண்டும், ஏறுவதென்றால் பின்னால் நின்று தள்ள வேண்டும். டாக்டரைப் பார்க்கப் போவதைத் தவிர அவள் கீழே இறங்குவதையே விட்டுவிட்டாள். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். எதிரே பேச்சுத் துணைக்கு முன்பு தையல்காரர் மனைவி இருந்தாள், இரண்டு பேரும் ஜன்னலுக்கு ஜன்னல் கத்தியே ஊர்க்கதை பேசுவார்கள். அவர்களும் போய்விட்டார்கள். இப்போது எதிரே இரும்பு ஷட்டர். அக்கா ஷட்டரைப் பார்ப்பாள், ஷட்டர் அக்காவைப் பார்க்கும். அவள் கலகலப்பானவள். அவள் வாய் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துப்போவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

என் வீட்டுக்கு எதிர் வீடு வாடகைக்குக் காலியானபோது நான் நேராக அக்கா வீட்டுக்குப் போய் நின்றேன்.

“அத்தான், எங்க மாடியிலேயே ஒரு வீடு காலி. லிஃப்ட் இருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லணும், வேற ஆள் கேட்டுட்டே இருக்காங்க.”

“லிஃப்ட் நின்னு போச்சுன்னா?” என்றார்.

“நின்னா நாங்க தூக்கிட்டு வர்றோம்.”

“அந்தப் பக்கம் காத்து ஒத்துக்காது, சின்னவளே.”

“ஊரையே அந்தக் காத்துல கொண்டுபோய் விட்டுட்டு இப்பச் சொல்றீங்களா? அப்ப எங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கலாமே!”

அவர் மென்று விழுங்கினார். லாரி நிறுத்த இடம் இல்லை என்றார். இடம் இருக்கிறது என்றேன். பழகிய இடம் என்றார். எதற்கும் பிடி கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா அதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது திரும்பினாள்.

“என் ஜனங்க எல்லாரையும் நீங்களே வண்டியில ஏத்தினீங்க. தையல்காரம்மா, டீச்சரம்மா, என் கூடப்பிறந்தவ, ஒருத்தர் பாக்கியில்லாம கொண்டுபோய் அந்தப் பக்கம் இறக்கிட்டு வந்தீங்க. ஒவ்வொருத்தரும் போறப்ப இந்த ஜன்னல்லதான் நின்னு கையாட்டினேன். என்னை எதுக்குங்க விட்டு வெச்சிருக்கீங்க?”

அத்தான் முகம் சுருங்கிவிட்டது. எழுந்து படியிறங்கிப் போய்விட்டார். எனக்கு ஆத்திரம் என்றால் அப்படி ஓர் ஆத்திரம். மனைவியை இப்படி அடைத்து வைத்துக்கொண்டு என்ன சுகம் காண்கிறார் இந்த மனுஷன் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். வீடு மாற்ற ஆளை அவர் கூப்பிட்டால்தானா? அவரிடம் எத்தனையோ வருடமாக வேலை பார்க்கிற ஒல்லிக்கு நானே போன் போட்டேன். பெயர்தான் ஒல்லி, ஆள் இப்போது லாரி கதவை அடைத்துக்கொண்டு உட்காருகிற அளவுக்கு இருப்பார்.

மறுநாள் காலை அத்தான் ஒரு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். ஒல்லி மாடிக்கு வந்துவிட்டார். “நீங்க போங்கண்ணே, அக்கா சாமானை நான் பாத்துட்டு வர்றேன்” என்றார். அத்தான் போகவில்லை. வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு சாமானைத் தொடும் முன், அந்த வீட்டிலேயே பெரிய பொருள் எது என்று பார்த்து அதை முடிச்சுப் போட்ட கயிற்றால் அளப்பார்கள். அப்புறம் அதே கயிற்றைக் கொண்டுபோய் வாசலிலும் படியிலும் வைத்துப் பார்ப்பார்கள். இதை ஒல்லிக்குச் சொல்லிக் கொடுத்ததே அத்தான்தான். அளக்காமல் தூக்கிய ஆட்களை அவர் நடுத்தெருவில் நிற்க வைத்து வாங்கு வாங்கு என்று வாங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒல்லி உள்ளறைக்குப் போனார். அங்கே அக்கா கல்யாணத்துக்கு எங்கள் அப்பா செய்து கொடுத்த மரப் பீரோ நின்றது. ஆணியே இல்லாமல் அடித்து இறுக்கிய வேலை, கழற்ற முடியாது. கயிற்றை வைத்தார். படிக்குப் போனார். திருப்பத்தில் வைத்தார். திரும்பி வந்து மறுபடி பீரோவை அளந்தார். ஜன்னலைப் பார்த்தார், அதுவும் பீரோவில் பாதிதான். பிறகு அத்தான் முகத்தைப் பார்த்தார்.

“அண்ணே, இது எறங்காதே?”

அத்தான் கூரையைப் பார்த்தார்.

“படி கட்டறப்ப நீங்க அளக்கலியா?”

ஒல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். ஊரில் அவ்வளவு பேர் வீட்டுப் படியை அளந்த மனிதர், தன் வீட்டுக்குப் படி கட்டும்போது கயிற்றைக் கையில் எடுக்கவே இல்லை. கொத்தனார் சுவர் எழுப்பி, பூசி முடித்த பிறகுதான் உறைத்திருக்கிறது. அன்றிலிருந்து உண்மையை மறைத்து, காற்று ஒத்துக்காது, லாரிக்கு இடம் இல்லை என்று ஏதேதோ சாக்குச் சொல்லியே வருடங்களை ஓட்டியிருக்கிறார். குட்டு உடைந்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“இதுக்காகவா?” என்றாள் அக்கா. சன்னமாகத்தான் கேட்டாள்.

“உங்கப்பா குடுத்தது. தினம் அதைத் துடைச்சுத் துடைச்சு வெக்கறே. அதை அறுத்துத் துண்டாக்கிட்டு உன்னைக் கூட்டிட்டுப் போனா, நீ மனசு விட்டுடுவேன்னு நெனச்சேன்.”

“கேட்டிருக்கலாமே.”

“கேட்டா, ஏன் அறுக்கணும்னு கேப்பே. சொன்னா, இவன் கிட்டப் போயி ஊர்ஜனம் சாமானை ஒப்படைக்குதேன்னு நீயே சிரிப்பே.”

“தூசி படியுது, துடைக்கறேன். ஜன்னலைத் திறந்தா ரோட்டுத் தூசி பூரா அதுமேலதான் வந்து உக்காருது. அந்தப் பீரோ எனக்கு எப்பவுமே பிடிக்காது. கீழ் டிராயர் தெறக்க குனிஞ்சு குனிஞ்சே எனக்கு முட்டி போச்சு!”

ஒல்லி மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை எனக்கும் அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அத்தான் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையைத் தடவினார். தப்புப் பண்ணிட்டேன் என்று எங்கள் முன்னாலேயே சொன்னார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. எனக்கு இருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

மாடியைக் கோடவுனாக எடுத்துக்கொள்கிறேன் என்று கீழே இருந்த மோட்டார் கடைக்காரர் முன்வந்தார். பீரோவையும் அவர் தலையிலேயே கட்டினோம். அவருக்கோ ஒரே சந்தோஷம், ஸ்பேர் பார்ட்ஸ் போட்டு வைக்க வசதி என்றார்.

சனிக்கிழமை லாரி கிளம்பியது. முன் சீட்டில் அக்காவை நடுவில் உட்கார வைத்துக்கொண்டோம். மேம்பாலத்தின் மேல் ஏறியதும் அவள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் மூட்டு வலியோடு ஒடுங்கிப் போய்வந்தவள், அந்தப் பக்கத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

“அடேயப்பா, இவ்வளவு கட்டடமா! இதெல்லாம் என்னங்க?”

அத்தானுக்குக் கட்டடங்களின் பெயர் தெரியாது. யாரை எங்கே இறக்கினார் என்பதுதான் தெரியும். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் காட்டிக்கொண்டே வந்தார். “அந்த மஞ்சக் கட்டடம் தெரியுதா? ரெண்டாவது மாடியில டீச்சரம்மா. பக்கத்துல கண்ணாடி வெச்ச கட்டடத்துல நம்ம பால்காரர் மகன். தண்ணி டேங்குக்குக் கீழ தையல்காரர் குடும்பம்.”

“எல்லாரும் இங்கேதான் இருக்காங்களா!” என்றாள் அக்கா. புது ஊரைப் பார்க்க வந்தவளுக்கு முன்னால் பழைய தெருவே வரிசையாகக் குடியிருந்தது. அத்தானைப் பார்த்து அவள் சிரித்தாள். எத்தனை காலத்துக்குப் பிறகு பார்த்த சிரிப்பு அது!

இரண்டு மூன்று நாள் சாமானை ஒழுங்குபடுத்துவதில் போனது. நாலாம் நாள் சாயங்காலம் என் வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டினார்கள். திறந்தால் அத்தான். காலில் செருப்பில்லை, தலை கலைந்திருந்தது.

“சின்னவளே, உங்கக்காவைக் காணோம்!”

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கிறார். எழுந்து பார்த்தால் வீட்டில் ஆளில்லை, கதவு சாத்தியிருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அவளைக் காணோம் என்று அவர் தேட வேண்டி வந்ததே இல்லை. மொட்டை மாடிக்கு ஓடலாமா என்றார். நான் அவரை இழுத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன்.

எங்கள் கட்டடத்து கேட்டுக்கு வெளியே மருந்துக் கடை வாசலில் போட்டிருந்த பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தையல்காரர் மனைவி. இரண்டு பேரும் தொடைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா குரல் தெரு முனை வரை கேட்டது.

அத்தானுக்கு மூச்சு வாங்கியது. “எங்க போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?”

அக்கா அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். “சொல்லணும்னு தோணவே இல்லைங்க. கதவைத் திறந்தேன், வந்துட்டேன்.”

அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

“இவ்வளவு நாளா உன்னை நான்…” என்று ஆரம்பித்தார்.

“அதையெல்லாம் வீட்டுல வெச்சுப் பேசிக்கலாம். தையல்காரம்மா மருமகளுக்குப் பொண்ணு பொறந்திருக்காம், பார்த்துட்டு வர்றேன். நீங்க முன்னால போங்க.”

அவள் தையல்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தான் தெருவிலேயே நின்று, அவள் முனை திரும்பும் வரை பார்த்தார். பிறகு எவ்வளவு நேரத்தில் வருவாள் என்று என்னிடம் கேட்டார்.

“எனக்கென்ன தெரியும், அத்தான்? அவ வர்றப்ப வருவா” என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, அக்காவுக்காகக் காத்திருக்க அவர் தனியாக மாடிக்குப் போனார்.