மஞ்சள் தண்ணீரும் குசினித் தரையும்

இதை எழுதுவோமா விடுவோமா என்று நாலைந்து வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பழக்கம் இல்லாதவன். ஆனால் தள்ளிப்போட்டது அதனால் இல்லை, வெட்கத்தால். ஒரு நல்ல மனிதருடைய பெயரை என் வாயாலே கெடுத்தேன். அதை இன்னும் முழுதாகத் திருத்தி முடியவில்லை.

எங்கள் வீடு ஓர்ஸ் ஹில்லில். சமைக்கிற குசினியில் பழைய சீமெந்துத் தரை, அங்கங்கே குழி. கஞ்சிப் பானையோடு வந்த மனைவி ஒரு குழியில் கால் தடக்கி விழுந்து, மணிக்கட்டு முறிந்து போயிற்று. "கட்டு அவிழ்க்கிறதுக்குள்ள புதுத் தரை போட்டுத் தாறன்" என்று அவளிடம் சொன்னேன். மேசனைக் கூப்பிடவில்லை. கைபேசியில் வீடியோ பார்த்தால் நாமே டைல் ஒட்டலாம் என்றார்கள்.

பாலத்துக்கு அந்தப்பக்கம் கிண்ணியாவில் ஒரு சாமான் கடைக்காரரிடம் வினைல் டைலும் அதை ஒட்டுகிற பசையும் வாங்கினேன். அவரை நாங்கள் நானா என்போம், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறை. குழிகளைச் சீமெந்தால் அடைத்து ஒரு கிழமை காயவிட்டேன். தரையில் ஈரம் இருக்கவே கூடாது என்று வீடியோவில் இரண்டு தரம் சொன்னார்கள். நானும் கவனமாகத்தான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை முழுகி, விளக்கேற்றி, கோயில் அம்மாளை நினைத்து, தரை முழுக்க மா இலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். அவள் விழுந்த இடத்தில் மனம் ஆறாமல் செம்பில் மிச்சம் இருந்ததையும் ஊற்றிக் கையால் தடவிவிட்டேன். மேலே காய்ந்தது போல் தெரிந்ததும் நூல் பிடித்துக் கோடு கீறி, பசை பூசி, நடுவில் தொடங்கி ஒவ்வொன்றாக அழுத்தி ஒட்டினேன். சனி மாலை முடிந்தது. கண்ணாடி போல இருந்தது.

திங்கள் காலை ஓரங்கள் அப்பளம் போல எழும்பி நின்றன. அவள் விழுந்த இடத்தில்தான் ஆக மோசம்.

கழன்ற ஒன்றை எடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் போய்க் கடை வாசலில் நின்றபடியே சத்தம் போட்டேன். நானா கோபப்படவில்லை.

"அண்ணன், தரையில தண்ணி பட்டிச்சா?"

"ஒரு சொட்டும் படேல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"கோயில் குளம் எண்டு திரியிறவன் நான். பொய் சொல்லுவனோ?"

அந்த நேரம் நான் பொய் சொல்லவில்லை. சாமிக்குத் தெளித்ததைத் தண்ணீர் என்று என் மனம் எண்ணவே இல்லை.

"சனிக்கிழமை நானே வந்து பாக்கிறன்" என்றார். எனக்குப் பொறுமை இருக்கவில்லை. இடையில் வந்த வெள்ளிக்கிழமை, அம்மன் கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்தில் நின்று, கண்ட ஆட்களிடமெல்லாம் சொன்னேன்: "அந்தக் கடையில பசை வாங்காதேங்கோ. கலப்படம்."

சொன்னபடி சனிக்கிழமை நானா மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வந்தார். குந்தியிருந்து ஒரு டைலை உரித்துத் திருப்பினார். வெள்ளைப் பசை மஞ்சளாகி, பாலாடை போலக் கையோடு வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"அண்ணன், இது கறிக்குப் போடுற மஞ்சளெல்லோ?"

கட்டுப் போட்ட கையோடு கதிரையில் உட்கார்ந்திருந்த மனைவிதான் சொன்னாள்: "ஒரு செம்பு ஊத்தினவர், நானா. தீர்த்தம் தண்ணியில்லையாம் இவருக்கு."

"நான் ஒட்டுறதுக்குப் பசை தந்தன். நீங்க அதைக் கறியாக்கிப் போட்டீங்க" என்று அவர் சிரித்தார். பிறகு ஆறுதலாக, "சாமி காரியத்தை நான் பிழை சொல்லயில்ல. ஒட்டி, நல்லாக் காஞ்ச பிறகு மேலால தெளியுங்க" என்றார். கோயிலில் நான் சொன்னதை அவரிடம் அப்போதே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "வாயால போனதை வாயாலயே கூப்பிடுங்க" என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும் உரித்து, தரையைச் சுரண்டி, பத்து நாள் மின்விசிறி போட்டுக் காயவைத்து மறுபடி ஒட்டினேன். இன்றுவரை ஒன்றும் அசையவில்லை. கட்டு அவிழ்த்த கையோடு அவள் அதில் நின்று பால் காய்ச்சினாள்.

நானா வந்துபோன அடுத்த வெள்ளியே கோயிலுக்குப் போய், அதே இடத்தில் நின்று, பிழை என்னுடையது என்று சொன்னேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் போன மாதம் லிங்கநகரில் ஒரு சாவீட்டில், என்னை ஆரென்று தெரியாத ஒருவர் என்னிடமே சொன்னார்: "கிண்ணியாப் பசையால தரை முழுக்கக் கழண்டு, ஓர்ஸ் ஹில்லில ஒரு மனிசி விழுந்து கை முறிஞ்சதாம்." அவள் விழுந்தது பழைய சீமெந்தில், பசை வாங்க முந்தி. "அந்த ஆள் நான்தான்" என்று தொடங்கி, அவரிடமும் முழுக்கச் சொன்னேன்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். யாருக்காவது சொன்னால் இருக்கிறபடியே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு அந்த ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் பிழை திரும்பவும் நானாவின் பசைமேல்தான் போய் நிற்கும்.